முதுமையுறும் நாடுகளும் குடிவந்தோர் உழைப்பும்

கல்லூரி அன்னையின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, பழைய நினைவுகளை எழுதுவதா, நாட்டு நடப்பொன்றை ஆராய்வதா என்னும் ஐயம் எமக்கு எழுந்தது. நினைவுகளைச் சுவைபட எழுத எம்மினும் வல்லார் பலருளர். ஆதலின், இன்று எம் ஊர்களிலே வீடுதோறும் பேசப்படுவதாயினும் ஆற அமர ஆராயப்படாத பொருளொன்றை எடுத்துக்கொண்டோம். முதியோர் பெருகி உழைப்போர் குறைந்துவரும் நாடொன்றின் பொருளாதாரத்துக்குப் பிறநாட்டார் குடிவரவு எவ்வாறு துணைசெய்கின்றது? அத்துணைக்குரிய விலையைக் கொடுப்பவர் யார்? இவ்விரு வினாக்களுமே ஈண்டு ஆராயப்படுவன.

சென்ற மாரி தொடங்குமுன் எம் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. நாம் வாழும் ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும் இடையே தொலைவில்லை. ஓர் ஊர் முடிவதும் மற்றோர் ஊர் தொடங்குவதும் புதியவர் கண்ணுக்குத் தோன்றா. பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் காத்தான்குடிப் பெருந்தெரு வழியாக, முப்பது ஆண்டுகளாய் எமக்கு வேலைசெய்துவரும் மேசன் காக்காவைத் தேடிச் சென்றோம். அறுபத்தாறு வயதான அவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தார்.

“சேர், கூரையில ஏற இனி எனக்குக் கால் வராது. கையாளுக்கும் பொடியன்மார் இல்ல. மூத்தவன் கட்டாரில, இளையவன் சவூதியில. அவங்க அங்க கூரை போடுறாங்க, இங்க வாப்பாட கூரை ஒழுகுது” என்று கூறி அவர் நகைத்தார்.

நாமும் நகைத்தோம், எனினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அச்சொல் எம்மை விட்டகலவில்லை. எம் தமையனார் பிள்ளைகள் மூவரும் தொறொன்ரோ நகரிலே வாழ்கின்றனர். அவர்களுள் ஒருத்தி முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருக்கின்றாள். அவள் பிறநாட்டு முதியோர்க்கு உணவூட்டும் வேளையிலே, இங்கே அவளுடைய அன்னைக்கு அயல்வீட்டார் உணவூட்டுகின்றனர். இஃது எம் குடும்பத்துக்கு மட்டுமுரிய கதையன்று. இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவருட் பலருக்கும் இதுவே கதை.

முதற்கண், உழைப்போர் குறைதல் என்றால் என்னவென்று தெளிதல் வேண்டும். ஒரு நாட்டின் வருவாயை ஈட்டுவோர் பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் அறுபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டோர். சிறுவரும் முதியோரும் அவர்தம் உழைப்பினாலே பேணப்படுவோர். பிறப்புக் குறைந்து ஆயுள் நீளும்போது, தாங்கும் தோள்கள் குறைகின்றன. தாங்கப்படும் பாரமோ கூடுகின்றது. ஓய்வூதியம் கொடுக்க வரிப்பணம் வேண்டும். வரி கொடுக்க உழைப்போர் வேண்டும். மருத்துவமனைகளிற் படுக்கைகளைப் பெருக்கினும், படுக்கையருகே நிற்கத் தாதியர் வேண்டும்.

யப்பான் தேசம் இந்நிலைக்குத் தலையாய சான்று. அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர் 65 வயதை எட்டியோர் அல்லது கடந்தோர். பிறநாட்டுத் தொழிலாளரை ஏற்கத் தயங்கிவந்த அத்தேசம், 2018 ஆம் ஆண்டிலே தன் சட்டத்தைத் திருத்தி, 2019 ஏப்பிரல் முதல் குறித்த சில தொழில்களுக்குத் தேர்ச்சிபெற்ற பிறநாட்டாரை அழைக்கலாயிற்று. முதியோர் பராமரிப்பு, கட்டட வேலை, வேளாண்மை, உணவுத் தயாரிப்பு முதலியன அத்தொழில்கள். அதே ஆண்டு யூன் மாதத்தில் இலங்கையுடனும் அதற்கான உடன்படிக்கை செய்யப்பட்டது. 2023 ஒற்றோபரில் அங்கு வேலைசெய்த பிறநாட்டார் தொகை இருபது இலட்சத்தைக் கடந்தது. கொள்கையினால் மூடிவைத்த கதவை முதுமை திறந்துவிட்டது எனலாம்.

கனடா தேசம் வேறு வழியிற் சென்றது. 1967 ஆம் ஆண்டு முதல் கல்வி, தொழில், மொழியறிவு, வயது ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்கி, எந்த நாட்டினராயினும் தகுதியுடையோரைத் தேர்ந்து குடியுரிமை பெறும் வழியோடு அந்நாடு ஏற்றுக்கொண்டது. 1983 ஆம் ஆண்டின் பின்னர் எம்மவர் பல்லாயிரவர் அகதிகளாக அங்கே சென்று, பின்னர் குடிகளாயினர். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 23 பேர் குடிவந்தோர். 2016 முதல் 2021 வரை அங்கே உழைப்போர் தொகையில் ஏற்பட்ட வளர்ச்சியில் ஐந்தில் நான்கு பங்கு குடிவந்தோராலேயே ஏற்பட்டது.

இவ்வுதவி எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சற்று விரித்துரைப்போம். குடிவருவோர் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினர். அவர்களைப் பெற்று, பாலூட்டி, தடுப்பூசி போட்டு, பள்ளிக்கு அனுப்பிய செலவு முழுவதையும் கொடுத்தது அவர் பிறந்த நாடு. ஏற்கும் நாட்டுக்கோ அவர்கள் வந்திறங்கிய மறுமாதமே உழைப்பும் வரியும் கிடைக்கின்றன. நட்டு நீர் வார்த்தவன் ஒருவன், கனி பறிப்பவன் இன்னொருவன்.

இரண்டாவது பயன், ஒருவர் வேலை மற்றொருவர் வேலையைத் தாங்குதலாகும். முதிய தாயைப் பராமரிக்க ஆளில்லாத மகள் தன் உத்தியோகத்தை விட்டு வீட்டில் இருக்க நேரும். பராமரிக்கும் தாதியொருத்தி வந்தால், தாதிக்கும் வேலை, மகளுக்கும் வேலை, அரசுக்கோ இருவரிடமிருந்தும் வரி. குடிவந்தோர் உள்நாட்டாரின் வேலையைப் பறிக்கின்றனர் என்போர் இத்தொடர்பைக் கருதுவதில்லை. ஒரு நாட்டிலுள்ள வேலை, ஒருவர் கூடுதலாக எடுத்தால் மற்றவருக்குக் குறையும் சட்டிச் சோறன்று. வந்தவர் உண்கிறார், உடுக்கிறார், வீடு வாடகைக்குப் பெறுகிறார், கடை வைக்கிறார். அவற்றாலும் வேலை பிறக்கின்றது.

இனி, மறுப்போர் கூற்றையும் நடுநிலையோடு நோக்குவோம். குடிவந்தோரும் ஒருநாள் முதுமையடைவர் என்பது அவர்தம் முதற் கூற்று. இஃது உண்மை. 2000 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் குடித்தொகைப் பிரிவினர் இதனை ஆராய்ந்து, உழைப்போர்க்கும் முதியோர்க்கும் உள்ள விகிதம் மாறாமற் காப்பதற்குக் குடிவரவை மட்டும் நம்பினால், எந்நாடும் ஏற்க இயலாத பெருந்தொகையினரை அழைக்கவேண்டி நேரும் எனக் காட்டினர். ஆகவே குடிவரவு முதுமையை மாற்றும் காயகற்பமன்று. சுமையைக் குறைத்து, மாற்றங்களுக்கு ஆயத்தஞ்செய்யக் காலந்தரும் ஊன்றுகோலாகும். இயந்திரங்களைக் கையாளுதலும், உடல்நலமுள்ள முதியோர் விரும்பினால் நெடுங்காலம் வேலைசெய்ய இடமளித்தலும், பெண்கள் வேலைக்குச் செல்ல வழிசெய்தலும் உடன் நிகழ்தல் வேண்டும்.

வீடும் பள்ளியும் மருத்துவமனையும் பெருகாமல் மக்கள் மட்டும் பெருகினால் இடர் விளையும் என்பது அடுத்த கூற்று. இதுவும் தள்ளத்தக்கதன்று. வீட்டு வாடகை பெரிதும் உயர்ந்தமையால், கனடாவிலேயே 2024 ஒற்றோபரில் அரசாங்கம் தன் திட்டத்தைக் குறைத்து, 2025 ஆம் ஆண்டுக்குரிய நிரந்தரக் குடிவரவை 5 இலட்சத்திலிருந்து 3,95,000 ஆக்கிற்று. விருந்தினர் தொகையறிந்து உலைவைத்தல் இல்லறத்துக்கு மட்டுமன்று, அரசுக்கும் உரிய அறிவாம். இது குடிவரவு தீதென்பதற்குச் சான்றாகாது. திட்டமின்மை தீதென்பதற்கே சான்றாகும்.

இவையெல்லாம் பிறநாட்டுக் கதைகள் என்று எம் வாசகர் கருதுதல் கூடாது. இலங்கையும் முதுமையுறும் நாடுகளுள் ஒன்றாகிவிட்டது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 65 வயதை எட்டியோரும் கடந்தோரும் நூற்றுக்கு 7.9 பேராக இருந்தனர். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அது 12.6 ஆயிற்று. பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவரோ 25.2 இலிருந்து 20.7 ஆகக் குறைந்தனர். செல்வநாடுகள் பொருள் திரட்டிய பின்னர் முதுமையெய்தின. நாமோ பொருள் திரட்டுமுன் முதுமையெய்துகின்றோம். அதற்கிடையே, பொருளாதார நெருக்கடி மூண்ட 2022 ஆம் ஆண்டில் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைதேடி வெளிநாடு சென்றனர். அதன் பின்னரும் அவ்வோட்டம் தணியவில்லை.

அவர்கள் அனுப்பும் பணம் நாட்டைத் தாங்குகின்றது என்பதில் ஐயமில்லை. 2022 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 379 கோடி அமெரிக்க டொலராக இருந்த அத்தொகை, 2024 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 657 கோடியாக உயர்ந்தது. காத்தான்குடியிலும் அயலூர்களிலும் எழுந்துள்ள மாடிவீடுகள் பலவற்றின் அத்திவாரம் வளைகுடா நாடுகளின் வெயிலிலே இடப்பட்டது. ஆயினும் பணம் கூரையில் ஏறி ஓடு மாற்றாது. நோயுற்ற தாயின் தலையை மடியில் வைத்துக்கொள்ளாது. படுவான்கரை வட்டைகளிலே அறுவடை இயந்திரம் வந்து ஆட்குறையை ஓரளவு தீர்த்தது. முதியவரைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலைக்கோ மனிதக் கையே வேண்டும்.

இந்நிலையிலே கேரள நாடு எமக்கு ஒரு கண்ணாடியாகும். அந்நாட்டு இளைஞர் வளைகுடாவுக்குச் சென்று பணம் அனுப்பினர். பிறப்புக் குறைந்தது, முதியோர் பெருகினர், கூலி உயர்ந்தது. முன்னர்த் தமிழ்நாட்டினின்றும், பின்னர் வங்காளம், அசாம், ஒரிசா, பீகார் ஆகிய பகுதிகளினின்றும் தொழிலாளர் அங்கே வந்து, கட்டட வேலை முதல் உணவுச்சாலை வேலை வரை ஏற்றனர். 2013 ஆம் ஆண்டு ஆய்வொன்று அவர்தம் தொகையை ஏறத்தாழ 25 இலட்சமெனக் கணித்தது. அவர்களை ‘விருந்தினர் தொழிலாளர்’ என்று அவ்வரசு அழைக்கின்றது. மலையாள எழுத்தறிவு புகட்டவும் திட்டம் வகுத்தது. வெளியே அனுப்பும் நாடே உள்ளே அழைக்கும் நாடாகவும் ஆதல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. எம் நாடும் அவ்வழியிலேயே செல்கின்றது. அந்நாள் வரும்போது வருவோரை எவ்வாறு நடத்துவோம் என்பதே எம் உள்ளத்தை உறுத்தும் வினா.

இவ்வினாவுக்கு எம் வரலாற்றிலேயே நல்ல விடையொன்றும் தீய விடையொன்றும் உள்ளன.

நல்ல விடை இவ்வாவிக் கரையிலேயே உள்ளது. போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம் மக்களைத் துரத்தியபோது, கண்டியரசன் செனரதன் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, 1626 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என வரலாற்று நூல்கள் கூறும். அதற்கு முன்னரும் வணிகராய் வந்து இங்கு மணஞ்செய்து தங்கியோர் இருந்தனர். வந்தவர் வயல் செய்தனர், வணிகம் செய்தனர். தமிழே அவர்தம் வீட்டு மொழியாயிற்று. தாய்வழி வரும் குடிமுறை இன்றும் இப்பகுதித் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படுகின்றது. நிலமும் உறவும் ஒருங்கே கொடுக்கப்பட்டமையால் வந்தவர் அயலாராக நில்லாது ஊராராயினர். அண்மைக்காலத்திலே இரு சமூகத்தாரும் ஒருவர்க்கொருவர் இழைத்த கொடுமைகளையும், 1990 ஆம் ஆண்டு ஆகஸ்து மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட பெருந்துயரையும் நாம் மறைக்க விரும்பவில்லை. நூற்றாண்டுகள் கழித்தும் ஒரு சாராரை ‘வந்தேறிகள்’ என்று இகழும் நாவே இத்தகைய கொடுமைகளுக்கு வித்திடுகின்றது. அந்நாவு எந்தச் சமூகத்தில் இருப்பினும் அடங்குதல் வேண்டும்.

தீய விடை மலைநாட்டில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் அழைத்துவரப்பட்டனர். கடல்கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாகச் சென்றோருட் பலர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் உழைப்பினால் இந்நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பகுதி நெடுங்காலம் ஈட்டப்பட்டது. ஆயினும் 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் விதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டது. எருதுகளைப் பங்கிடுவோர்கூடத் தாயையும் கன்றையும் பிரிக்கத் தயங்குவர். நாடற்றோராய் எஞ்சியோரின் பிரசாவுரிமை முற்றாகத் தீர்வதற்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உழைப்பை மட்டும் வேண்டி உழைப்பவரை வேண்டாமென்ற அரசுகள் அறத்தை மட்டுமன்று, தம் பொருளாதாரத்தையும் கெடுத்தன. தலைமுறை தலைமுறையாகக் கல்வி மறுக்கப்பட்ட மக்கள், தம் ஆற்றல் முழுவதையும் நாட்டுக்குத் தர எவ்வாறு இயலும்?

இப்பிழையைச் செய்தோர் நாம் மட்டுமல்லேம். மேற்கு செருமனி 1955 இல் இத்தாலியோடும் 1961 இல் துருக்கியோடும் உடன்படிக்கை செய்து தொழிலாளரை அழைத்தது; சில ஆண்டுகளில் திரும்பிவிடுவர் என எண்ணியது. 1973 இல் ஆள்சேர்த்தலை நிறுத்தியது. வந்தவரோ அங்கேயே குடும்பத்தோடு வேரூன்றினர். அங்கே பிறந்த அவர்தம் பிள்ளைகளுக்குப் பிறப்பினாலே குடியுரிமை கிட்ட வழிசெய்த சட்டம் 2000 ஆம் ஆண்டிலேதான் நடைமுறைக்கு வந்தது. இன்று யப்பானுக்குச் செல்லும் எம் இளைஞரும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. முதல்நிலை அனுமதி பெற்றோர் ஐந்தாண்டுவரை வேலைசெய்யலாம். ஆனால் மனைவி மக்களை உடனழைக்க இயலாது. ஐந்தாண்டு மணவாழ்வையும் விலையாகக் கொடுத்தே அச்சம்பளம் பெறப்படுகின்றது.

ஆதலின் எம் துணிபு இது. முதுமையுறும் நாட்டுக்குக் குடிவரவு பெருந்துணை. அத்துணை நிலைபெறுவது, வருபவரை முழு மனிதராக ஏற்கும்போது மட்டுமே. இத்துணிபிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன.

எம் அரசு, தொழிலாளரை அனுப்ப உடன்படிக்கை செய்யும்போது சம்பளத்தை மட்டும் பேசாது, பயிற்சிச் செலவில் ஒரு பங்கையும், அங்கே செலுத்திய சேமநிதியைத் தாயகம் திரும்பியபின் பெறும் உரிமையையும், குடும்பத்தோடு வாழும் உரிமையையும் கேட்டுப்பெறுதல் வேண்டும். பயிரிட்ட செலவையேனும் கேளாத கமக்காரன் வறியனாவது திண்ணம். அதனுடன், நாளை எம் நாட்டுக்கு வேலைதேடி வருவோர்க்கு நேரிய சட்டமொன்றை இன்றே வகுத்தல் வேண்டும். சட்டமில்லாதவிடத்துத் தரகனே அரசனாவான்.

எம் கல்லூரி, வெளிநாடு செல்ல விழையும் மாணவரைத் தடுத்தல் இயலாது, தடுத்தலும் முறையன்று. வெறுங்கையோடு செல்வோனுக்குக் கிடைப்பது கூலி. தொழிற்றகைமைச் சான்றும் மொழியறிவுமாகச் செல்வோனுக்குக் கிடைப்பது பதவி. யப்பானிய மொழி, தாதித்தொழில், மின்தொழில் ஆகியவற்றுக்கு மாலை வகுப்புகளைத் தொடக்கி, அயலிலுள்ள காத்தான்குடி மாணவரும் வந்து கற்கக் கதவைத் திறந்துவைத்தால், இவ்விழாவின் நினைவாக எழுப்பப்படும் எந்த மண்டபத்தினும் அது நீடித்துப் பயன்தரும்.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். நீவிர் கல்லூரிக்கு அனுப்பும் நன்கொடைகளுக்கு நன்றியுடையோம். அதனோடு, ஊரில் தனித்திருக்கும் முதியோரைப் பேண ஒரு நிதியும் அமைப்பீராக. பராமரிப்போர்க்கு நேரிய சம்பளம் கிடைக்குமாயின், இங்குள்ள இளம்பெண்கள் சிலரேனும் அத்தொழிலை மதித்து இங்கேயே தங்குவர்.

முடிவாக, எம் கூரையின் கதையைக் கூறி அமைவோம். மேசன் காக்கா இரண்டு நாள் கழித்து இளைஞனொருவனை அழைத்துவந்தார். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன்; தமக்கையை இப்பகுதியில் மணஞ்செய்து கொடுத்தபின் வேலைதேடி வந்தவன். காக்கா கீழே நாற்காலியில் அமர்ந்து வழிசொல்ல, அவன் மேலே நின்று ஓடுகளை மாற்றினான். நண்பகலில் மூவரும் ஒருங்கிருந்து உணவுண்டோம். தன் பாட்டனார் நாடற்றவராகவே இறந்தார் என்று அவன் கூறியபோது, நீண்டநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் காக்கா தம் தட்டிலிருந்த மீன்துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.

அவ்வாண்டு மாரி கடுமையாகவே பெய்தது. எம் வீட்டினுள் ஒரு துளியும் விழவில்லை.